மூன்று தடவை எழுப்பினேன்

ஏழாவது அத்தியாயத்தைப் படிக்க உட்கார்ந்தபோது மேசைமேல் இருந்த காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. படித்து முடித்தபோது அதன்மேல் ஆடை கட்டிவிட்டது. நடுவில் ஒரு வாய்கூட அவள் குடிக்கவில்லை.

அது அவளுடைய வாழ்க்கை வரலாறு. எழுதுவது என்னவோ அவள் இல்லை. அவள் பேசப் பேசப் பதிவு செய்துகொண்டு போய் எழுதித் தருவது ஒரு பத்திரிகைக்காரப் பெண். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பவள். பதினோரு வருடம் தொழில்முறை டென்னிஸ் ஆடி, உலகத் தரவரிசையில் எழுபத்து நான்காம் இடம்வரை ஏறி, மணிக்கட்டு கைவிட்டதால் முப்பத்து மூன்று வயதில் மட்டையைக் கீழே வைத்த ஒருத்தியைப் பற்றிப் புத்தகம் போடலாம் என்று பதிப்பகத்துக்குத் தோன்றியதற்குக் காரணம் அந்த எழுபத்து நான்கு இல்லை. அவள்மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெயர். 'நேர்மையான ஆட்டக்காரி.'

அந்தப் பெயர் வந்த கதையை ஊரே சொல்லும். ஒரு பெரிய போட்டியின் இரண்டாம் சுற்று. ஆட்டம் ஏறக்குறையக் கைக்கு வந்துவிட்டது. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. புள்ளி இவளுக்கு என்று நடுவர் அறிவித்தும் ஆயிற்று. இவள் நேராக நடுவரிடம் போய், "பந்து என் மட்டை விளிம்புல உரசிட்டுத்தான் போச்சு" என்றாள். நடுவர் பார்க்கவில்லை, எதிராளி பார்க்கவில்லை, கேமராவுக்கும் தெரியவில்லை. புள்ளி போனது. அதன் பின்னாலேயே ஆட்டமும் போனது. மறுநாள் பத்திரிகைகளில் ஜெயித்தவளின் படத்தைவிடத் தோற்றவளின் படம் பெரிதாக வந்தது. அதற்கு அப்புறமும் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ தடவை அப்படித் தன் வாயாலேயே புள்ளிகளை இழந்தாள். இப்போது தொலைக்காட்சியில் வர்ணனை செய்யும்போதுகூட, சந்தேகமான பந்து விழுந்தால் கூட இருப்பவர்கள், "நீங்களா இருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்க" என்பார்கள். அவளுக்குக் காது மடல் சூடாகும். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

புத்தகத்தின் பெயர் 'கோட்டுக்கு உள்ளே.' ஏழாவது அத்தியாயத்தின் பெயர் 'அன்று காலை.' அவளைத் திகைக்கவைக்க வேண்டும் என்று பத்திரிகைக்காரப் பெண் அவளிடம் சொல்லாமலேயே போய், அவளோடு இரட்டையர் ஆடிய பழைய கூட்டாளியைப் பார்த்துப் பேசி எழுதியிருந்த அத்தியாயம். கூட்டாளியின் பேச்சை அப்படியே போட்டிருந்தாள்.

"நான் சரியான தூங்குமூஞ்சி. அன்னைக்கு எந்திரிச்சிருந்தா இந்தப் புத்தகம் என்னைப் பத்தி வந்திருக்கும், நீங்க என் வீட்டு காபியக் குடிச்சிட்டு அவளப் பத்தி என்கிட்ட விசாரிச்சிட்டிருக்க மாட்டீங்க. பாவம், சுவரு, அதான் உங்க மேடம், என்னை மூணு தடவை எழுப்பியிருக்கா. உலுக்கி உலுக்கி எழுப்பினாளாம். கட்டை மாதிரி கிடந்திருக்கேன். ஒண்ணு சொல்லட்டுமா? அதுக்கப்புறம் என் தூக்கத்து மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு. பொண்ணு பொறந்து ஆறு மாசம் நான் கட்டில்ல படுக்கல. நாற்காலியில உக்காந்துதான் கண்ணசந்தேன். பாப்பா கால்ல ஒரு துணி நாடாவக் கட்டி, இன்னொரு முனைய என் மணிக்கட்டுல கட்டிக்குவேன். உலுக்கினாலே எந்திரிக்காதவ, குழந்தை அழுது எந்திரிக்கவா போறா? அது உதைச்சா இழுக்கும்ல, அதுக்குத்தான். வீட்டுக்காரரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள், 'விழுந்து விழுந்து சிரிக்கிறார்' என்று போட்டிருந்தது.

அவள் அந்தப் பத்தியை மறுபடி படித்தாள். பிறகு தாள்களைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்த தாள்களைப் பார்க்க முடியாமல் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றாள்.

இருபத்தாறு வருடமாக அந்தக் காலையைப் பற்றிய ஒரு வெட்கத்தை அவள் மடியில் நெருப்பு மாதிரிக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் கட்டிக்கொண்டிருந்தது இது இல்லை. வேறொன்று.

நடந்தது இதுதான். அப்போது இருவருக்கும் இருபத்திரண்டு வயது. இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி, பயணத்தில் ஒரே அறை. இவள் எந்தப் பந்தையும் விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பாள் என்பதால் 'சுவரு.' கூட்டாளி சர்வீஸ் போட்டால் பந்து எங்கே போனது என்று எதிராளி தேட வேண்டியிருக்கும் என்பதால் 'பீரங்கி.' ஒருத்திக்கு ஒருத்தி வைத்த பெயர்கள். பீரங்கியின் தரவரிசை இருநூற்று முப்பத்தொன்று, இவளுடையது இருநூற்று நாற்பத்தெட்டு. ஒரு நல்ல போட்டியின் தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டம்வரை போய் இருவருமே ஒரே நாளில் தோற்றார்கள். பீரங்கிக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டு, நடக்கவே முடியாமல் தோற்றாள்.

தோற்றாலும் ஒரு கதவு திறந்திருக்கும். முக்கியச் சுற்றில் ஆட வேண்டிய யாராவது காயம், காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் விலகினால், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களில் ஒருத்தியை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். 'லக்கி லூசர்' என்று அதற்குப் பெயர். பெயரிலேயே பாதி அவமானம் இருந்தாலும் அதற்காகத் தவம் கிடப்பார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. மறுநாள் காலை ஒன்பதரைக்குள் போட்டி அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒருத்திக்காக இன்னொருத்தி போட முடியாது. போட்டவர்களில் யாருக்குத் தரவரிசை மேலேயோ, அவளுக்குத்தான் இடம். பீரங்கி போட்டால் பீரங்கிக்கு. போடாவிட்டால் இவளுக்கு.

"காலையில எழுப்பிவிடுடி. மாத்திரை போட்டிருக்கேன், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பீரங்கி படுத்தாள்.

காலையில் இவள் மட்டும் போனாள். வெள்ளைத் தொப்பி போட்ட பெண் நடுவர் பட்டியலை நீட்டி, "உன் ஜோடி எங்க?" என்று கேட்டார். "அவ ஊருக்குக் கிளம்பிட்டா" என்றாள் இவள். அவ்வளவுதான், மூன்று சொல். பதினொரு மணிக்கு ஒரு வீராங்கனை தோள்பட்டை வலி என்று விலகினாள். மதியம் இவள் முக்கியச் சுற்றில் இறங்கினாள். அன்றைக்குப் பார்த்து அடித்ததெல்லாம் கோட்டுக்குள் விழுந்தது. இரண்டு சுற்று ஜெயித்தாள். அந்த வாரத்தில் ஏறிய தரவரிசைதான் அடுத்த போட்டிக்குக் கதவைத் திறந்தது, அது அதற்கு அடுத்ததற்கு. விடுதிக் குளியலறைகளில் காலுறை துவைத்துக் காயப்போட்ட பதினோரு வருடம், விமானங்கள், முதல் சுற்றுத் தோல்விகள், கைதட்டல்கள், ஊசி போட்டு ஊசி போட்டு மரத்துப்போன மணிக்கட்டு, எல்லாம் அந்த மூன்று சொல்லின் மேல் எழும்பியவைதான்.

அவள் மடியில் கட்டிக்கொண்டிருந்தது அந்த மூன்று சொல்லை. நடுவரிடம் சொன்ன பொய்யை. அதற்காகத்தான் வாழ்நாள் முழுக்க நடுவர்களிடம் உண்மை சொல்லிச் சொல்லிக் கடன் அடைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடனைக் கேட்டு யாரும் வந்ததில்லை என்பது தனி விஷயம்.

ஆனால் அன்று சாயங்காலம், முதல் சுற்றை ஜெயித்துவிட்டு வேர்வையோடு அறைக்கு வந்தபோது, கட்டிலில் உட்கார்ந்திருந்த பீரங்கி, "ஏண்டி என்னை எழுப்பல?" என்று கேட்டாள். "எழுப்பாம என்ன? மூணு தடவை எழுப்பினேன். உலுக்கிப் பாத்தேன். நீ எந்திரிக்கல" என்று இவள் சொன்னாள். அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வருவதற்குள் மறந்தும்போனாள்.

அவள் மறந்த பொய்தான் இன்னொருத்தியின் மணிக்கட்டில் நாடாவாகக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறது. தான் வெட்கப்பட வேண்டியது எதற்கு என்பதைக்கூடத் தனக்கு வசதியாகத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியபோது உடம்பு கூசியது. நடுவரிடம் சொன்ன பொய்யில் அவள் ஒரு பாவப்பட்ட கதாநாயகி. இதில் அவள் யார்?

பத்திரிகைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"அந்த ஏழாவது அத்தியாயத்த நிறுத்தி வை."

"மேடம்! புத்தகத்துலயே அதுதான் டாப். வாசிச்சவங்க எல்லாரும் சிரிச்சிட்டே அழுதாங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ஏதாவது தப்பா இருக்கா?"

"இருக்கு. சொல்றேன். வேற ஒருத்தர்கிட்ட முதல்ல சொல்லணும்."

அவள் கணவன் பல் மருத்துவர். மனிதர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் கிடக்கும்போதே பேசிப் பழகியவர். ஆனால் அன்று அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மனைவி இப்படி ஒன்றை இத்தனை வருடம் தன்னிடமும் மறைத்தாளே என்று ஒரு நொடி முகம் சுருங்கியது. பிறகு தொழிலுக்குத் திரும்பிவிட்டார்.

"இருபத்தாறு வருஷம் ஆன பல்லு. ஆடல, வீங்கல. அதப் போய் ஏன் நோண்டறே?"

"வலிக்குதுங்க."

"யாருக்கு? உனக்கா, அவங்களுக்கா?"

அவள் கவிழ்த்து வைத்த தாள்களை ஒழுங்காக அடுக்கினாள்.

"அவங்க அத ஒரு ஜோக்காக்கி நல்லாத்தான் இருக்காங்க. நீ போய்ச் சொன்னா உனக்குப் பாரம் இறங்கும், அவங்களுக்கு ஏறும். யோசிச்சுக்கோ. உன்னோட வசதிக்காகப் போறியா, அவங்களுக்காகப் போறியான்னு."

நியாயமான கேள்வி. அதனாலேயே எரிச்சலாக இருந்தது. மறுநாள் காலை பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதும் அந்தக் கேள்வியைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள். சுத்தமான பதில் கிடைக்கவில்லை. தன் வசதியும் இதில் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் அச்சில் ஏறிவிட்டால் அந்தப் பொய்க்கு வயசே ஆகாது. 'மூணு தடவை எழுப்பியும் எந்திரிக்காதவ' என்பது நாளைக்குப் பீரங்கியின் பேரன் பேத்தி வரைக்கும் போகும். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பீரங்கி டென்னிஸை விட்டு, அடுத்த வருடமே ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது சொந்தமாகவே ஒன்று நடத்துகிறாள். பெண்களுக்கு மட்டும். அலுவலகம் ஒரு சின்ன அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், ஆஜர் பலகை, வரிசையாகச் சாவிகள். பின்னால் சுற்றுச்சுவர் கட்டிய பயிற்சித் திடல். நேரம் தவறி வரும் மாணவிகளைப் பீரங்கி திட்டும் திட்டு தெருமுனைவரை கேட்கும். மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'அலாரம் மிஸ்.'

"அடடா, யார் வந்திருக்கா பாருங்க! சாம்பியன்!" பீரங்கி எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். சின்ன வயசில் ஈர்க்குச்சியாக இருந்தவள் இப்போது தாராளமாக இருந்தாள். "என்னடி சொல்லாம கொள்ளாம? முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? அண்ணன் நல்லாருக்காரா?"

"நல்லாருக்காரு. உன்கிட்ட கொஞ்சம் பேசணும்."

"பேசலாம். பத்து மணிக்காரி வரல. வரட்டும், அவளுக்கு இருக்கு. அதுவரைக்கும் வண்டி சும்மாதானே நிக்குது? வா, ஏறு. உலகமெல்லாம் சுத்தினவ, ஒரு கார் ஓட்டத் தெரியாது உனக்கு. வெளியில சொன்னா என் பள்ளிக்கூடத்துக்கே அவமானம்."

மறுப்பதற்குள் அவளை ஓட்டுநர் இருக்கையில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பீரங்கியின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

"கிளட்ச்ச மிதி. மெதுவாடி! கரப்பான்பூச்சியவா மிதிக்கிறே? ம்... இப்ப விடு. கொஞ்சம் கொஞ்சமா."

வண்டி இரண்டு முறை துள்ளிவிட்டு நகர்ந்தது. திடலை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். பீரங்கி பேசிக்கொண்டே வந்தாள். "அந்தப் பத்திரிகைக்காரப் பொண்ணு வந்தா. நல்லா கதை அளந்துவிட்டேன். படிச்சியா? எம்பொண்ணு சொல்றா, 'அம்மா, நீ தூங்கினதெல்லாம் வரலாறாப் போச்சு'ன்னு."

"படிச்சேன்." அவள் கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திரும்ப வேண்டாம் என்பது ஒரு வகையில் உதவியாக இருந்தது. "அதுல ஒண்ணு தப்பு."

"எது? நாற்காலியா? சத்தியமா ஆறு மாசம்டி. இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"நான் உன்னை எழுப்பல."

"என்ன?"

"அன்னைக்கு. மூணு தடவை எழுப்பினேன்னு சொன்னேன்ல? எழுப்பல. ஒரு தடவைகூட எழுப்பல."

பீரங்கியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. குரலை மட்டும்தான் கேட்டாள். அது மாணவிகளிடம் பேசும் குரலாக இருந்தது.

"கண்ணாடியப் பாரு. பின்னாடி வண்டி இருக்கா?"

"இல்ல."

"இண்டிகேட்டர் போடு. இடது பக்கம். ஓரமா கொண்டு வா. கிளட்ச். பிரேக். நியூட்ரல்ல போடு. சாவியத் திருப்பு."

அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். இன்ஜின் அடங்கியதும் திடலுக்கு வெளியே யாரோ கம்பி அறுக்கும் சத்தம் கேட்டது.

"மறந்துட்டியா?" பீரங்கி கேட்டாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். பீரங்கி அந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள். இருபத்திரண்டு வயசுப் பெண் பதற்றத்தில் மறந்துபோவது உலகத்தில் நடக்காததா?

"மறக்கல."

"ஓ."

"நடுவர் கேட்டாங்க. நீ ஊருக்குக் கிளம்பிட்டேன்னு சொன்னேன்."

"ஓ" என்றாள் பீரங்கி மறுபடியும். மடியில் கிடந்த தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் எதுக்கு ஆட்டத்த விட்டேன் தெரியுமா உனக்கு?"

"தொடை..."

"தொடை ஒரு மாசத்துல சரியாப் போச்சு. கோச்கிட்ட நானே போய்ச் சொன்னேன். சார், உலுக்கி எழுப்பினாலும் எந்திரிக்காத ஜென்மம் சார் நான், எனக்கு இது சரிப்படாது, இன்னொருத்திக்கு நேரத்தச் செலவு பண்ணுங்கன்னு. அவரும் யோசிச்சுட்டு, சரிதான்னுட்டாரு." அவள் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "வேணும்னா திட்டுவாரு, போடி போய் ஆடுன்னு சொல்வாருன்னு நினைச்சேன். சரிதான்னுட்டாரு."

"என்னை மன்னிச்..."

"வாய மூடு."

திடலின் வாசலில் பத்து மணிக்காரி ஓடி வருவது தெரிந்தது. பீரங்கி கண்ணாடியை இறக்கி, "நாளைக்கு வாம்மா" என்று மட்டும் சொன்னாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக வந்த பெண் நம்ப முடியாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

பீரங்கி கண்ணாடியை ஏற்றினாள். "புத்தகத்துல நீ என்ன வேணா போடு. போடாம இரு. அதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா என் வீட்ல இருபது வருஷமா இதச் சொல்லிச் சிரிச்சிட்டிருக்கோம். என் வீட்டுக்காரரு, என் பொண்ணு. அவங்ககிட்ட நான் போய் இதச் சொல்ல மாட்டேன். என்னால முடியாது. நீயே வந்து சொல்லு."

"எப்ப?"

"இப்ப. லீவு நாள்தானே, ரெண்டு பேரும் வீட்லதான் இருப்பாங்க. இறங்கு. நான் ஓட்டறேன்."

பீரங்கி எப்போதும்போல் ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்கைப் போட்டு, ஒவ்வொரு குறியீட்டுக்கும் நின்று ஓட்டினாள். மற்ற நாளாக இருந்தால் இதையே வைத்து ஒரு கேலி வந்திருக்கும்.

வீடு இரண்டாம் மாடியில். பீரங்கியின் கணவர் மின்தூக்கிகளைப் பழுது பார்ப்பவர். சொந்த வீட்டுக் கட்டடத்தில் மட்டும் மின்தூக்கி கிடையாது என்று தானே சொல்லிச் சிரிப்பவர். கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க! என்ன அதிசயம்! ஏய் பாப்பா, யார் வந்திருக்காங்க பாரு, பெரியம்மா!"

பீரங்கியின் மகளுக்கு இருபது வயது. பிறந்ததிலிருந்து அவளைப் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிடுவாள். "பெரியம்மா, புத்தகம் எப்ப வருது? எங்க அம்மா தூங்கின படம் ஏதாவது இருந்தா போடச் சொல்லுங்க" என்று வந்து தோளில் சாய்ந்தாள். அந்தத் தோளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் தட்டுகள் எடுத்து வைத்திருந்தன. நான்காவது தட்டை எடுக்க எழுந்த கணவரைப் பீரங்கி உட்காரச் சொன்னாள்.

"சாப்பாடு அப்புறம். சுவரு ஒண்ணு சொல்ல வந்திருக்கா. கேளுங்க."

"புத்தக விஷயமா?" என்றார் அவர். "நம்மளப் பத்தி நல்லபடியா எழுதியிருக்குல்ல? மூணு தடவை எழுப்பின கதை வந்திருச்சா? அன்னைக்கு நான் பக்கத்துல இருந்திருந்தா ஒரு குடம் தண்ணிய ஊத்தியிருப்பேன்."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்காக அவள் காத்திருந்தாள். உலகத்தின் பெரிய மைதானங்களில் பத்தாயிரம் பேர் வாயடைத்துக் காத்திருக்கப் பந்தைத் தரையில் தட்டியிருக்கிறாள். இந்த மூன்று பேர் முன்னால் முதல் சொல்லைத் தேட வேண்டியிருந்தது.

"நான் எழுப்பல" என்றாள். "உங்கம்மா தன்னை எழுப்பிவிடச் சொல்லியிருந்தா. நான் வேணும்னே எழுப்பல. எழுப்பினேன்னு பொய் சொன்னேன்."

கணவர் இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார். சிரிப்பை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியாதவர் மாதிரி மனைவியைப் பார்த்தார், விருந்தாளியைப் பார்த்தார். பிறகு கையில் பிடித்திருந்த கரண்டியை மெதுவாக மேசையில் வைத்தார்.

"ஏன் பெரியம்மா?" என்றாள் மகள்.

"உங்கம்மா தரவரிசை என்னோடதவிட மேல. அவ வந்து கையெழுத்துப் போட்டா இடம் அவளுக்குத்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்னபோதுதான் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. பசி இல்லை, பகை இல்லை. பதினேழு இடம் வித்தியாசம்.

மகள் அவளைவிட்டுத் தள்ளி, அம்மா பக்கம் போய் நின்றாள். "அம்மா, அப்ப நீ நாற்காலியில... என் கால்ல கட்டினது..." என்று தொடங்கியவளுக்கு முடிக்க முடியவில்லை. இந்தப் பக்கம் திரும்பி, "நீங்க கிளம்புங்க" என்றாள். பெரியம்மா என்ற சொல் அதில் இல்லை.

அவள் எழுந்தாள். போய்விட அனுமதி கிடைத்தது ஒரு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியும் வெட்கமாக இருந்தது.

"உக்காரு" என்றாள் பீரங்கி.

மகளிடம் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பீரங்கி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏறியதிலிருந்து முதல்முறையாக நேருக்கு நேர்.

"இன்னும் முடியல. முதல்ல இருந்து சொல்லு."

"சொல்லிட்டேனே..."

"இல்ல. நான் அன்னைக்குத் தூங்கிட்டிருந்தேன். எனக்கு அந்தக் காலையப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நீ சொன்ன மூணு தடவைய வச்சு நானே ஒரு காலைய ஜோடிச்சு வச்சிருந்தேன். நீ தோளப் புடிச்சு உலுக்கற மாதிரி, நான் புரண்டு படுக்கற மாதிரி. அதுல ஒண்ணுகூட நடக்கல இப்ப. அப்ப எதுதான் நடந்துச்சு? நீ எந்திரிச்சதுல இருந்து சொல்லு."

அவள் உட்கார்ந்தாள். மகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். கணவர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு மணிக்கு எந்திரிச்சேன்" என்று தொடங்கினாள். "ஃபேன் ஓடிட்டிருந்துச்சு. ஜன்னலுக்கு வெளிய சலவைக்காரங்க துணி காயப்போட்டிருந்தாங்க. குளிச்சேன். நீ சுவர்ப் பக்கமா திரும்பிப் படுத்திருந்தே. ஒரு கால் போர்வைக்கு வெளிய இருந்துச்சு. கட்டைவிரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருந்தே."

"எந்தக் கால்?"

"வலது."

"ம்."

"உன் கட்டில்கிட்ட வந்து நின்னேன். எழுப்பணும்னுதான் வந்தேன். கைய நீட்டினேன். அப்புறம்... தலை வாரிக்கிட்டு வந்து எழுப்பலாம்னு போனேன். வாரிட்டு வந்தேன். பையை எடுத்துக்கிட்டு எழுப்பலாம்னு நினைச்சேன். எடுத்தேன்."

"ஷூ போட்டுக்கிட்டு எழுப்பலாம்னு நினைச்சியா?"

அவள் மேசை விரிப்பைப் பார்த்தாள். கணவனிடம் சொல்லும்போதும் இதைச் சொல்லவில்லை. தனக்குள் சொல்லிக்கொள்ளும்போதுகூட எப்போதும் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துத்தான் போயிருக்கிறாள்.

"ஷூவ அறையில போடல" என்றாள். "கையில எடுத்துக்கிட்டேன். வெறுங்காலோட கதவச் சாத்திட்டு, படியெல்லாம் இறங்கி, கீழ வாசல்ல உக்காந்துதான் மாட்டினேன்."

"ஏன்?"

பீரங்கிக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவள் வாயால் வரவேண்டும் என்று கேட்டாள்.

"சத்தம் கேட்டு நீ முழிச்சுக்கக் கூடாதுன்னு."

மகளின் கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. பீரங்கி மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டினாள், ஏதோ ஒன்று அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி.

"ம்" என்றாள். "அப்புறம்?"